பேர்ல் தொடாத கிண்ணம்

கிண்ணத்தில் வைத்தது வைத்தபடியே இருந்தது.

ஜெனீவா டல்லோஸ் விளக்கைப் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தாள். ஆவியில் வாட்டி நறுக்கிய காலர்ட் கீரை, அவித்த முட்டையில் பாதி, கரண்டியின் முதுகால் நசுக்கி மாவாக்கிய முட்டை ஓடு ஒரு சிட்டிகை, முள்ளோடு மசித்த சின்ன மீன் ஒன்று, இனிப்புச் சேராத தயிர். தயிரின் மேல் கரண்டி போட்ட சுழிகூடக் கலையவில்லை. நேற்று இருட்டும் வேளையில் வைத்தது. இப்போது விடிந்துவிட்டது. இரவெல்லாம் விழித்துத் திரிகிற பிராணி அந்தக் கிண்ணத்தோடு ஒரே அறையில் பன்னிரண்டு மணி நேரம் இருந்திருக்கிறது; முகர்ந்து பார்த்த ஈரம்கூட விளிம்பில் இல்லை.

பேர்ல் மூலையில் பழைய துண்டுகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தது. பூனை அளவு உடம்பு, சாம்பல் மயிர், மாவு அப்பினாற்போன்ற வெள்ளை முகம், எலிக்கு இருப்பதைப் போன்ற மொட்டை வால். கைகள் மட்டும் சின்னக் குழந்தையுடையவை போல இளஞ்சிவப்பாக, ஐந்தைந்து விரல்களோடு இருந்தன. மிசிசிப்பியின் அந்தத் தென்கோடியில் அதைப் பொசம் என்பார்கள். குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கும், செத்ததைத் தின்னும், நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடக்கும். யாரும் அதற்குப் பெயர் வைப்பதில்லை. ஜெனீவா வைத்திருந்தாள்.

அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறைத் தராசில் வைத்தாள். போன சனிக்கிழமை நாலு பவுண்டு இரண்டு அவுன்ஸ் இருந்தது. இன்று செவ்வாய். நாலு பவுண்டு பதினொன்று. இறக்கிவிட்டு, முள்ளைச் சரிபார்த்து மறுபடி வைத்தாள். பதினொன்றுதான்.

அறைக்குத் திரும்பிச் சுற்றிலும் பார்த்தாள். அது ஒரு காலத்தில் கணவன் லமாரின் அறை, அவனுடைய நாய் படுத்த அறை. லமார் இன்னொருத்தியோடு மொபைல் நகரத்துக்குப் போய் ஆறு வருடமாகிறது, நாயையும் கொண்டுபோய்விட்டான். உயரத்தில் ஒரே ஒரு ஜன்னல். கதவுக்கு வெளிப்புறம், நாயைப் பூட்டுவதற்காக அவன் முழங்கால் உயரத்தில் அடித்த கொக்கி. எலிப் பொந்து கிடையாது. தின்பதற்கு அங்கே வேறு எதுவுமே இல்லை.

பள்ளிச் சமையலறையில் இருபத்தாறு வருடம் நின்றவள் அவள். நல்ல சாப்பாடு தட்டோடு குப்பையில் விழும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, அந்தச் சத்தத்தைத் தன் வீட்டில் விடுவதில்லை என்று வைத்திருந்தாள். யாரும் வாய் வைக்காத கிண்ணம். பழுதில்லை. மேஜையில் உட்கார்ந்து உப்புத் தூவி அவளே சாப்பிட்டாள். கீரை இதமாக இருந்தது. முட்டையை மெல்லும்போது கடினமாக ஏதோ தட்டுப்பட்டது. ஓட்டுத் துண்டாக்கும் என்று உள்ளங்கையில் துப்பினாள்.

அவளுடைய கடைவாய்ப் பல்.

வலி இல்லை, ரத்தம் இல்லை. பல்லைப் புரட்டிப் பார்த்தாள். அடியில் வேர் இல்லை. உள்ளே யாரோ சுரண்டி எடுத்தாற்போல, மெல்லிய வெள்ளைக் கூடாக, நகத்தால் அழுத்தினால் நொறுங்கும்போல இருந்தது.

ஐம்பத்தாறு வயதில் பல் விழுவது அதிசயமில்லை என்று சொல்லிக்கொண்டாள். அதை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்து பார்த்தபோது ஜன்னல் விளிம்பு காலியாக இருந்தது.

*

மூன்று வாரத்துக்கு முன் அதைத் தம்பி ரேஃபர்டின் கொட்டகையிலிருந்து எடுத்து வந்தாள்.

ரேஃபர்டின் வீடு அரை மைல் தள்ளி, அதே செம்மண் பாதையில். அப்பா செய்ததை அவன் விடாமல் செய்கிறவன். இலையுதிர் காலத்தில் ஒரு பொசத்தை உயிரோடு பிடித்து இரும்புப் பீப்பாயில் போட்டு, மேலே பலகையும் கல்லும் வைத்து, பத்து நாள் சோள ரொட்டியும் மோரும் மட்டும் கொடுப்பான். காட்டில் கண்டதைத் தின்ற உடம்பு அந்தப் பத்து நாளில் சுத்தமாகும். ஒவ்வொரு நாளுக்கும் பீப்பாயின் விளிம்பில் ஆணியால் ஒரு கீறல். ஒன்பது நாள் தீனி. பத்தாம் நாள் வெறும் வயிறு. அன்று மாலை சர்க்கரைவள்ளிக் கிழங்கை அடுக்கி நடுவில் வைத்து அடுப்பில் ஏற்றிவிடுவார்கள்.

அப்பாவின் மேஜையில் ஜெபம் முடியாமல் யாரும் கரண்டியைத் தொடக் கூடாது. எல்லோரும் தலையைக் குனிந்திருக்க, ஏழு வயதில் ஒருமுறை ஜெனீவா மட்டும் ஒரு கண்ணைத் திறந்து தாம்பாளத்தைப் பார்த்துவிட்டாள். கிழங்குகளுக்கு நடுவே அந்தச் சின்னக் கைகள் இரண்டும் மார்பில் சேர்ந்திருந்தன. அதுவும் ஜெபம் செய்வதுபோல. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. பெல்ட் அடி கிடைத்தது.

ரேஃபர்டின் பீப்பாயைப் பார்க்க அவளுக்கு எந்த அவசியமும் இருக்கவில்லை. கிழங்கு கொடுக்கப் போனவள், பலகைக்கு அடியிலிருந்து நீண்ட கையைப் பார்த்தாள். விரலைக் கொடுத்தாள். அது பிடித்துக்கொண்டது. பலகையை நகர்த்தினால், பின்னங்கால்கள் இரண்டும் வில்லாக வளைந்து, இடுப்பு தரையில் இழுபட, அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. விளிம்பில் கீறல்களை எண்ணினாள். ஒன்பது.

அறுபது மைலுக்கு அப்பால், அடிபட்ட காட்டுப் பிராணிகளை வைத்துப் பார்க்கிற கெஸ்ஸிங்கர் அம்மாள் ஃபோனில் எல்லாவற்றையும் சொன்னாள். எலும்பில் சுண்ணாம்புச் சத்து வற்றிவிட்டது. சோள ரொட்டி கூடாது. வெறும் இறைச்சி கூடாது. கீரை, தயிர், முட்டை ஓடு, முள்ளோடு மீன், வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் பழம். எல்லாம் நிறுத்துப் போட வேண்டும். நிறுத்துப் போடுவது ஜெனீவாவுக்குக் கைவந்த விஷயம். நானூறு பிள்ளைகளுக்கு அளந்தவளுக்கு ஒரு வயிறு எம்மாத்திரம்? ஆறு வருடம் ஒற்றைத் தட்டு கழுவிய வீட்டில் இரண்டாவதாக ஒரு கிண்ணம் காய்ந்தது. அதைப் பார்ப்பதற்காகவே சில நாள் வேலையிலிருந்து வேகமாக வந்தாள்.

பேர்ல் மரியாதையாகச் சாப்பிட்டது, அந்தச் செவ்வாய் வரை.

*

புதனும் கிண்ணம் அப்படியே இருந்தது. வியாழனும். இரண்டு நாளும் காலையில் அவளே சாப்பிட்டாள். விழுந்த பல்லுக்குப் பக்கத்துப் பற்களும் ஆடத் தொடங்கியிருந்தன. பன்றி இறைச்சியையும் வறுத்த ரொட்டியையும் கடிக்கப் பயமாக இருந்தது. மெத்தென்று இருந்த கீரையும் தயிரும்தான் தோதாக இருந்தன. அதனால் அவளும் வேறு எதையும் தொடவில்லை.

ஆனால் பேர்லின் கால்கள் நிமிர்ந்துகொண்டு வந்தன. வியாழன் சாயங்காலம் அது துண்டுகளிலிருந்து எழுந்து, இடுப்பு தரையில் படாமல், நாலு காலில் அவளை நோக்கி நடந்து வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதன் முகவாயைத் தடவியபோது அது வாயைத் திறந்தது. ஐம்பது பற்களும் விளக்கு வெளிச்சத்தில் மின்னின. போன வாரம் மஞ்சளாக இருந்தவை. இப்போது புதுப் பீங்கான் மாதிரி இருந்தன.

அன்றிரவு அரைத் தூக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. கிண்ணத்துத் தண்ணீரை நாய் நக்குவதுபோல, ஆனால் அதைவிட நிதானமாக, நிறுத்தி நிறுத்தி, ருசி பார்த்துப் பார்த்து ஏதோ ஒன்று நக்கிக்கொண்டிருந்தது. கூரைத் தகரத்தில் பைன் ஊசிகள் உரசுகின்றன, குழாய் சொட்டுகிறது, காற்று திசை மாறியிருக்கிறது என்று மனம் ஒவ்வொன்றாகக் காரணம் தேடிக்கொண்டிருக்க, போர்வைக்கு வெளியே கிடந்த இடது குதிகாலில் குளிர்ச்சியாக ஓர் ஈரம் ஏறி இறங்கியது. வலிக்கவில்லை. உண்மையில் சுகமாகக்கூட இருந்தது. அதற்காகவே காலையில் வெட்கப்பட்டாள். குதிகாலின் தோல், வெகுநேரம் தண்ணீரில் ஊறினாற்போல வெளுத்துச் சுருங்கியிருந்தது. காயம் இல்லை.

எழுந்து போய்ப் பார்த்தாள். கொக்கி போட்டபடி இருந்தது.

*

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரேஃபர்ட் வந்தான். ட்ரக்கின் பின்னால் கூண்டுகளில் நாய்கள். மறுநாள் மான் வேட்டை தொடங்குகிறது. ஆற்றுக்கு அக்கரையில் முகாம்.

"என்ன அக்கா, என் விருந்தாளி எப்படி இருக்கா? மேஜைல உக்காந்து முள்கரண்டி பிடிக்கக் கத்துக்கிட்டாளா?"

"உன்னைவிடச் சுத்தமாத்தான் சாப்பிடும்" என்றாள். அது பொய் என்று அவளுக்குத் தெரியும்.

"என்ன போடற?"

சொன்னாள்.

"தயிரா! எனக்கு இத்தனை வருஷம் வெறும் கொழுப்பா ஊத்திட்டு இதுக்கு மட்டும் தயிரா? டாக்டர் என்னைப் பார்க்கறப்பல்லாம் திட்டறான், தெரியுமா?"

"நீ கேட்டிருந்தா உனக்கும் போட்டிருப்பேன். நீதான் கீரையைக் கண்டா மூஞ்சியத் திருப்புவியே."

சிரித்துக்கொண்டே அறைக்குள் எட்டிப் பார்த்தவன் சிரிப்பை நிறுத்தினான். நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் குரைப்பதை நிறுத்தியிருந்தன.

"கால் நேராயிடுச்சு."

"ஆமா. நல்ல சாப்பாடு."

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "அக்கா, அப்பா பத்து நாளுக்கு மேல எதையும் வச்சிருந்ததில்ல. கவனிச்சிருக்கியா? ஒண்ணு சட்டி, இல்லன்னா காடு. ஒரு தடவை பத்தாம் நாள் அடைமழை. பாலம் முங்கி ஒருத்தனும் விருந்துக்கு வரல. இன்னும் ரெண்டு நாள் கெடக்கட்டுமேன்னு அம்மா சொன்னா. மனுஷன் கேக்கல. அந்த மழைல கோணியைத் தலைல போட்டுக்கிட்டு ஓடைக்கரை வரைக்கும் தூக்கிட்டுப் போய் விட்டுட்டு வந்தாரு."

"எதுக்காம்?"

"'பத்து நாள் சுத்தமாத் தின்னுடுச்சுன்னா அப்பறம் செத்ததைத் தொடாதுடா'ன்னாரு. 'அப்ப எதைத்தான்பா தின்னும்?'னு கேட்டேன். பெல்ட்டைத் தொட்டுக் காட்டினாரு. நான் வாயை மூடிக்கிட்டேன்."

ஜெனீவா மனதுக்குள் எண்ணினாள். அவள் எடுத்துவந்தது ஒன்பதாம் நாள். அதன் பிறகு மூன்று வாரம் சுத்தமாக, நிறுத்து, தன் கையால் போட்டிருக்கிறாள்.

"குடு. போற வழில காட்டுல விட்டுடறேன்."

"காட்டுல பிழைக்காது."

"ஏன் பிழைக்காது? கால்தான் நேராயிடுச்சே."

பேர்ல் அவளுடைய முழங்காலில் கை வைத்து நின்றது. விரல்கள் துணியைப் பற்றியிருந்தன. ஆறு வருடத்தில் அவளை அப்படிப் பற்றியது வேறு யாரும் இல்லை. "இருக்கட்டும்டா. இன்னும் கொஞ்ச நாள்" என்றாள்.

அவன் குனிந்து கதவு நிலையின் அடிப்பக்கத்தைப் பார்த்தான். "இது என்ன?"

மரத்தில், ஒரு சாண் உயரத்தில், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நாலு கீறல்கள்.

"நகம் உரசியிருக்கும்."

"ம்." நிமிர்ந்தவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "நீ ஒழுங்காச் சாப்பிடறியா? எப்பவும் என் காது வரைக்கும் வருவ. இப்பத் தோளுக்குத்தான் வர."

"புது பூட்ஸ் வாங்கியிருக்கியா?"

"பழசுதான் அக்கா."

கிளம்பும்போது ட்ரக் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினான். "அடுத்த வெள்ளிக்கிழமைதான் வருவேன். இந்த வருஷம் நன்றி நாள் சாப்பாடு முகாம்லயே. நீ தனியாவா இருக்கப் போற?"

"எனக்கு பேர்ல் இருக்கு."

பின்விளக்குகள் பைன் மரங்களுக்கிடையே சிவப்பாகப் போய் மறைந்தன. நவம்பர்க் கடைசியில் குடும்பமாகக் கூடி ஜெபித்து உண்கிற அந்த நன்றி நாளுக்காகப் பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை. அடுத்த வாரம் யாரும் அவளை எங்கும் எதிர்பார்க்கப் போவதில்லை.

*

சனிக்கிழமை தண்ணீர்க் கூஜாவைத் தூக்கியபோது மணிக்கட்டு வளைந்தது. சத்தம் எதுவும் வரவில்லை. கூஜாவை வைத்துவிட்டு மறு கையால் அழுத்தினாள். ஈரக் கயிறு மாதிரி இணங்கியது. கெஸ்ஸிங்கர் அம்மாளுக்கு ஃபோன் போட்டாள்.

"தின்னாம எடை கூடாது, மிஸ் ஜெனீவா" என்றது அந்தக் களைத்த குரல். "எங்கேயோ தின்னுது. நல்லாத் தேடிப் பாருங்க."

"கால் நேராயிடுச்சு. பல்லெல்லாம் வெளுத்துடுச்சு."

"அப்ப சுண்ணாம்புச் சத்து நிறையக் கெடைக்குதுன்னு அர்த்தம். அது சும்மா முளைக்காதுங்க. சாப்பாட்டுல இல்லன்னா உடம்பு எலும்புலேருந்து எடுத்துக்கும்."

"யார் எலும்புலேருந்து?"

மறுமுனையில் சிரிப்பு கேட்டது. "அதோட எலும்புலேருந்துதான். வேற யாரோடதுலேருந்து எடுக்க முடியும்? நீங்க நல்லாத் தூங்கறீங்களா?"

அன்றிரவு தன் படுக்கையறைக் கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டு, கட்டிலில் காலைப் போர்வைக்குள் இறுக்கிக்கொண்டு, விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஓடைப் பக்கம் ஆந்தை கூப்பிட்டது. வெளியே காய்ந்த இலைகளில் ஏதோ இழுபட்டுப் போகும் சத்தம் கேட்டது. ஒன்று அல்ல, பல. வீட்டைச் சுற்றி ஒரு சுற்று வந்து, அடித்தளத்துக் கற்களுக்கு இடையே நுழைந்து, நேராக அவள் கட்டிலுக்குக் கீழே பலகைக்கு அடியில் வந்து நின்றது. ஈரமான, புளித்த, செத்த இலைகளின் வாடை தரை இடுக்குகள் வழியே ஏறியது. பிறகு நிசப்தம். நின்றுகொண்டிருக்கிறவற்றின் நிசப்தம்.

எப்போது கண் மூடினாள் என்று தெரியவில்லை. காலையில் நாற்காலி முட்டுக் கொடுத்தபடியே இருந்தது. போர்வை முழங்கால் வரை மடித்துவிடப்பட்டிருந்தது. இரண்டு கால்களும் பாதம் முதல் முழங்கால் வரை வெளுத்து, ஈரமாக இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சமையலறையை விட்டு அவள் நகரவில்லை. கொக்கி போட்ட கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. இருட்டுவதற்கு முன் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். ஓடைக்கரையில், அப்பா விட்ட இடத்தில். அந்த ஒரு காரியம் செய்தால் போதும். தன் ட்ரக் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, கோணிப் பையை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து கொக்கியைத் தூக்கினாள்.

அறை காலி. துண்டுகள் நாலாக மடித்து அடுக்கியிருந்தன. நடுவில் கிண்ணம்.

ஒரு அடி உள்ளே வைத்தாள். இடது கால் முறியவில்லை. மடிந்தது. குதிகாலுக்கும் முழங்காலுக்கும் நடுவில், மூட்டே இல்லாத இடத்தில், நனைந்த அட்டை மடிவதுபோல மடிந்து அவளைத் துண்டுகளின் மேல் உட்காரவைத்தது. வலது காலை ஊன்றினாள். அதுவும் மடிந்தது. கைபேசி சமையலறை மேஜையில் இருந்தது. இங்கிருந்து பார்த்தால் அதன் விளிம்புகூடத் தெரிந்தது.

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சின்ன இளஞ்சிவப்புக் கை கதவின் ஓரத்தைப் பற்றி இழுத்தது.

கொக்கி விழுந்தது.

*

திங்கள் முழுவதும் கத்தினாள். அரை மைலுக்குள் இருந்த ஒரே வீட்டில் ஆள் இல்லை, நாய்களும் இல்லை. கதவுவரை முழங்கையால் ஊர்ந்து போனாள். முழங்கை குழைந்தது. இருட்டும் வேளையில் கொக்கி உயர்ந்தது. கதவு ஒரு சாண் திறந்தது. கிண்ணம் தரையில் உரசிக்கொண்டு உள்ளே வந்தது. கதவு சாத்திக்கொண்டது.

கிழித்த காலர்ட் கீரை, அவள் தோட்டத்திலிருந்து. ஒரு பச்சை முட்டை, ஓடு இல்லாமல். சுருங்கிப் பழுத்த காட்டுப் பழம் ஒன்று. கிண்ணத்தின் விளிம்பு சுத்தமாக இருந்தது. அவள் கழுவி வைப்பதைவிடச் சுத்தமாக.

வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், போன செவ்வாயிலிருந்து தான் என்ன செய்து வந்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. கிண்ணம் வெறுமனே மறுக்கப்படவில்லை. தள்ளிவிடப்பட்டிருந்தது. அவள் பக்கமாக. ஒவ்வொரு நாளும் உப்புத் தூவி, ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல், இறைச்சி தொடாமல், கொழுப்பு தொடாமல், சுத்தமாகத் தின்றிருந்தாள்.

தலையைத் திருப்பிக் கதவு நிலையைப் பார்த்தாள். ஏழு கீறல்கள்.

சாப்பிடக் கூடாது என்று நினைத்தாள். சாப்பிடாமல் கிடந்தபோது இரவில் ஏதோ ஒன்று வந்து அவள் வாயைத் திறந்தது. தாடை எதிர்க்கவில்லை. பழத்தின் இனிப்பும், சின்ன விரல்களின் உப்பும் நாக்கில் பட்டன. விரல்கள் மெதுவாகத்தான் ஊட்டின. பொறுமையாக. முதல் நாட்களில் பேர்லுக்கு அவள் எப்படி ஊட்டினாளோ அப்படியே.

செவ்வாய். எட்டு.

குரல் வரவில்லை. தாடை கழுத்தில் சரிந்து கிடந்தது. விலா எலும்புகள் மூச்சுக்கு மட்டும் கொஞ்சம் நிமிர்ந்தன. உயரத்து ஜன்னலில் வானம் சாம்பலாகி, கறுத்து, மறுபடி சாம்பலானது.

புதன். ஒன்பது. கிண்ணத்தில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

நாளை வியாழன். நன்றி நாள். ரேஃபர்ட் வெள்ளிக்கிழமை வருவான். வெள்ளி வரை இருந்தால் போதும். ஒரு நாள். ஒரே ஒரு நாள். அதையே திரும்பத் திரும்ப நினைத்தாள்.

வியாழன் சாயங்காலம் ஜன்னல் கறுத்தது. கொக்கி உயரவில்லை. கிண்ணம் வரவில்லை. இருட்டில் காத்திருந்தாள். வயிறு காலியாக இழுத்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கிண்ணம் உரசும் சத்தத்துக்காக ஏங்கினாள். கீரையாவது. ஒரு வாய்த் தயிராவது.

கதவு நிலையில் நகம் மரத்தைக் கீறியது. நிதானமாக. மேலிருந்து கீழே. ஒரு கோடு.

கொக்கி உயர்ந்தது. கதவு இந்த முறை முழுவதும் திறந்தது.

சமையலறை விளக்கு அவற்றின் பின்னால் எரிந்தது. முன்னே பேர்ல், நேராக, பளபளப்பாக. அதன் பின்னால் வெள்ளை முகங்கள். இழுபட்டு வந்தன. வில்லாக வளைந்த கால்கள். தரையில் தேயும் இடுப்புகள். ஒன்று, மூன்று, ஏழு. அதற்கு மேல் எண்ண முடியவில்லை. ஈரமண் வாடை அறையை நிறைத்தது. துண்டுகளைச் சுற்றி, தலைமாட்டில், கால்மாட்டில், இரண்டு பக்கமும், இடித்துக்கொள்ளாமல், அவரவர்க்கு ஒதுக்கிய இடம்போல வந்து உட்கார்ந்தன.

பேர்ல் அவளுடைய இரண்டு கைகளையும் எடுத்தது. எலும்பில்லாத கைகள். இழுத்த பக்கம் வந்தன. மார்பின் மேல் ஒன்றோடொன்று சேர்த்து வைத்தது.

பிறகு எல்லாமே தலையைக் குனிந்தன.

சத்தமில்லை. யாரும் இன்னும் தொடவில்லை. ஜெனீவா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். வட்டத்தின் கடைசியில், எல்லாவற்றிலும் சின்னதாக, ஒரு குட்டி, தலையைக் குனிந்தபடியே ஒரு கண்ணை மட்டும் திறந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.